லிஸ்ட்டு மேல போயிடுச்சு

அவள் பெயரை இதில் எழுதலாமா என்று போன வாரம் போன் செய்து கேட்டேன். "எழுதிப் பாரு, செருப்பு பிஞ்சிடும்" என்றாள். ஆகவே எழுதவில்லை. கடலூரில் நாங்கள் படித்த அந்தப் பெரிய அரசு பெண்கள் பள்ளியில், பதினொன்றாம் வகுப்பு எஃப் பிரிவில், எங்கள் அத்தனை பேர் பெயரையும் ஒருத்தியைக்கூடக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். தன் பெயர் என்று வந்ததும் என்ன ரோஷம் பாருங்கள்.

எங்கள் பள்ளி சும்மா பெரியது இல்லை. காலையில் பிரேயரில் நின்றால் மைக் சத்தம் கடைசி வரிசைக்கு வந்து சேர்வதற்குள் முதல் வரிசை வகுப்புக்குப் போயிருக்கும். பிளஸ் ஒன்னில் மட்டும் ஏ-யில் தொடங்கி கே வரைக்கும் பிரிவுகள். எஃப் என்பது காமர்ஸ். ஏ பிரிவுக்காரிகள் டாக்டர் ஆவார்கள், எஃப் பிரிவுக்காரிகள் ஊர்வலம் போவார்கள் என்பது யாரும் எழுதி வைக்காத சட்டம். டெங்கு ஒழிப்பு, போதை ஒழிப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு என்று எதையாவது ஒழித்துக்கொண்டே இருந்தோம். வெயிலில் கோஷம் போட்டே எனக்குத் தொண்டை கட்டியது. கொசு ஒழியவில்லை. இடையிடையே பாடம் நடந்த நாட்களும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

தினமும் இரண்டாவது பீரியடில் ஆபீஸ் அக்கா ஒரு நீள நோட்டோடு வாசலில் வந்து நிற்பார். அது சுற்றறிக்கை நோட்டு. கணக்குப்பதிவியல் மிஸ் அதை வாங்கி வாசிப்பார். "செஸ் போட்டிக்கு ரெண்டு பேர், கோலப் போட்டிக்கு மூணு பேர், சாலைப் பாதுகாப்பு ஊர்வலத்துக்கு இருபது பேர். யார்லாம் பேரு குடுக்கிறீங்க?" கேட்டதும் அறுபது தலைகளும் பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடும். அப்போது மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரம் ஒருத்தி எழுந்து நிற்பாள். கிளாஸ் லீடர். ஒல்லி, இரட்டை ஜடை, ஒரு ஜடையில் மட்டும் ரிப்பன் எப்போதும் அவிழ்ந்து தொங்கும்.

"செஸ்ஸுக்கு இரா. சுகுணா மிஸ்."

இரா. சுகுணா என்பது நான். இனிஷியலைக்கூட விட மாட்டாள்.

வகுப்பு முடிந்ததும் சண்டைக்குப் போனேன். "என்னைக் கேட்டியாடி?"

"கேட்டா மாட்டேன்னுதான சொல்லுவ. அப்புறம் எதுக்கு கேக்கணும்?"

"நான் செஸ் ஆடுனதே இல்லடி."

"ஆடாட்டி என்னா? உன் மூஞ்சியப் பாத்தா எப்பவும் எதையோ யோசிக்கிற மாதிரியே இருக்குது. எதிர்ல உக்கார்றவ பயந்துடுவா."

போட்டி சிதம்பரத்தில் நடந்தது. பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்போது என் பெற்றோர் ஒப்புதல் கடிதத்தின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு எனக்கு செஸ் சொல்லிக் கொடுத்தாள். யானை நேராகப் போகும், மந்திரி கோணலாகப் போகும் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரிந்திருந்தது. குதிரை எப்படிப் போகும் என்றேன். "அது தாவித் தாவிப் போவும். அங்க போயி பாத்து உட்டுக்க" என்றாள்.

எனக்கு எதிரில் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்த ஒரு சின்னப் பெண் உட்கார்ந்தாள். நான் யோசிக்கிற முகத்தை வைத்துக்கொண்டேன். அவள் பயப்படவில்லை. நாலு தடவை காயை நகர்த்திவிட்டு, "முடிஞ்சிடுச்சுக்கா" என்றாள். "எது?" என்று கேட்டேன்.

வெளியே வந்தேன். மரத்தடியில் என் பையையும் தண்ணீர் பாட்டிலையும் மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

"எவ்ளோ நேரம் தாங்குன?"

"அஞ்சு நிமிஷம்."

"பரவால்ல. சாப்பாட்டு டோக்கன் வாங்கிட்டேன். தக்காளி சாதம், முட்டை. சீக்கிரம் வா, முட்ட தீந்துடும்."

பங்கேற்றமைக்காக என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். என் அம்மா அதைக் கண்ணாடி போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "செஸ்ஸா?" என்று கேட்டு என்னை மரியாதையாகப் பார்ப்பார்கள். இன்னும் அது அங்கேதான் தொங்குகிறது. குதிரை எப்படிப் போகும் என்று எனக்கு இன்னும் தெரியாது.

போட்டிக்கு யார் போனாலும் கூட ஒரு துணை மாணவி போகலாம் என்று ஒரு விதி இருந்தது. அந்தத் துணை எப்போதும் அவள்தான். பிச்சாவரத்தில் அலையாத்திக் காட்டைக் காப்பாற்றப் போன கூட்டத்துக்குத் துணை. காட்டுமன்னார்கோயிலில் கபடி ஆடி முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்த கூட்டத்துக்குத் துணை. பை, பாட்டில், சேஃப்டி பின், தலைவலித் தைலம், உப்பும் மிளகாய்த்தூளும் மடித்த பொட்டலம், எல்லாம் அவளிடம் இருக்கும். "நீ எதுலயும் பேரு குடுக்க மாட்டியா?" என்று ஒரு தடவை கேட்டேன். "நான் மேல ஏறிட்டன்னா உன் பைய யாருடி புடிக்கிறது?" என்றாள். அப்போது அது எனக்கு நல்ல பதிலாகத்தான் தெரிந்தது.

பெற்றோர் கையெழுத்து விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வகுப்பில் ஒரு அப்பாவும் ஒப்புதல் கடிதத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. எல்லா அப்பாவுக்கும் அவளே கையெழுத்துப் போட்டாள். ஆளுக்கு ஒரு கையெழுத்து, மறக்காமல், மாற்றாமல். என் அப்பா இராமலிங்கத்துக்கு மட்டும் அடியில் இரண்டு புள்ளி வைத்து ஒரு சுழி. ஒரு தடவை அவள் காய்ச்சலில் படுத்துவிட, நான் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் நிஜ அப்பாவிடமே கையெழுத்து வாங்கி வந்தேன். எச்.எம். அதைப் பழைய கடிதங்களோடு வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா கையெழுத்த நீயே போட்டுட்டு வந்தியா?" என்று அரை மணி நேரம் வாசலில் நிற்க வைத்தார். மறுநாள் அவள் வந்து சுழி போட்ட பிறகுதான் எச்.எம்.முக்குத் திருப்தி.

எங்கள் வகுப்பில் விக்டோரியா என்று ஒருத்தி. முதுநகர் பக்கம், மாதா கோயில் தெரு. ஒரு நாள் மிஸ்ஸின் கால் விரல் மீது பெஞ்சின் கால் ஏறிவிட, மூன்று பேர் உட்கார்ந்திருந்த பெஞ்சை அவர்களோடு சேர்த்துத் தூக்கி நகர்த்தி வைத்தாள். அன்றைக்குச் சாயந்திரமே குண்டு எறிதலுக்கு விக்டோரியா பெயர் போய்விட்டது. போட்டி ஞாயிற்றுக்கிழமை. விக்டோரியாவின் அம்மா பள்ளிக்கு வந்து ஆடித் தீர்த்துவிட்டார்.

"ஞாயித்துக்கெழம பூசைய உட்டுட்டு குண்டு எறியப் போவாளா எம்பொண்ணு? அவ பேர குடுக்க நீ யாருடி?"

இவள் கையைக் கட்டிக்கொண்டு ரொம்பப் பணிவாக நின்றாள். "தப்புதான் அத்தை. ஆனா லிஸ்ட்டு மேல போயிடுச்சு. மேல போயிடுச்சுன்னா பேர எடுக்க முடியாது. மேலருந்து கேப்பாங்க."

'மேல' என்பது எது, அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவளும் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை. அந்த ஒரு வார்த்தையில் விக்டோரியாவின் அம்மா அடங்கிப்போனார். இவளே மாதா கோயிலுக்குப் போய் பங்குச் சாமியாரைப் பார்த்து, சனிக்கிழமை சாயந்திரப் பூசை பார்த்தால் போதும் என்று சொல்ல வைத்துவிட்டு வந்தாள். இவள் வீட்டில் திரௌபதை அம்மனைத் தவிர வேறு சாமி கிடையாது. விக்டோரியா அந்த வருடம் இரண்டாவது பரிசு வாங்கினாள். அதற்கப்புறம் எங்கள் பக்கத்துத் தெருக்களில் எந்தப் பெற்றோர் முரண்டு பிடித்தாலும் இதே மருந்துதான். லிஸ்ட்டு மேல போயிடுச்சு. இவள் அப்பா குட்டியானை வண்டி ஓட்டுகிறவர், லோடு ஏற்றப் போகும் இடத்திலெல்லாம் இதை ஒரு சட்டம் மாதிரி எடுத்துச் சொல்வார்.

எல்லாம் இப்படியே சிரிப்பாக முடிந்தது என்று சொன்னால் அது பொய். முதல் பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். வாயே திறக்க மாட்டாள். இலக்கிய மன்ற விழாவில் பேச அவள் பெயரைக் கொடுத்துவிட்டாள் இவள். அந்தப் பெண் மேடை ஏறினாள், மைக்கைப் பிடித்தாள், பேச்சு வரவில்லை. கீழே அத்தனை பிரிவும் உட்கார்ந்திருந்தது. யாரோ கேலியாகக் கைதட்ட ஆரம்பித்தார்கள், பிறகு எல்லோரும் தட்டினோம். நானும் தட்டினேன். அந்தப் பெண் இறங்கி நேராக வீட்டுக்குப் போனவள் எட்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. எட்டு நாளும் காலையில் இவள் அந்த வீட்டு கேட்டில் போய் நின்றாள். கதவு திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் அந்தப் பெண் வந்து, வேறு பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்தாள். இவளிடம் கடைசி வரை பேசவே இல்லை.

"பேசாதவ மனசுல ஜாஸ்தி இருக்கும்னு நெனச்சன்டி" என்றாள் என்னிடம்.

அதற்கப்புறம் சுற்றறிக்கை வந்தது. மிஸ் கேட்டார். அறுபது தலைகளும் கவிழ்ந்தன, அவள் தலையும்தான். மிஸ்ஸே பயந்துபோய் "உடம்பு சரியில்லியாமா?" என்று கேட்டார். பத்து நாள் எங்கள் வகுப்பு எதையும் ஒழிக்கவில்லை. கடைசியில் விக்டோரியா எழுந்து அவள் முதுகில் ஒன்று வைத்து, "என் பேர குடுடி, பைத்தியம்" என்றாள். அதன் பிறகுதான் அவள் பழையபடி ஆனாள். ஆனாலும் முதல் பெஞ்சுப் பக்கம் மட்டும் கண்ணைக் கொண்டுபோக மாட்டாள்.

பிளஸ் டூ முடிவு வந்தது. அவளுக்கு என்னைவிட முப்பது மார்க் ஜாஸ்தி. அரசுக் கல்லூரிகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட எங்கள் பள்ளி கம்ப்யூட்டர் அறையைத் திறந்து வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் சார் பேருக்குத்தான் அங்கே இருந்தார். தட்டியதெல்லாம் அவள். பள்ளியில் ஆளுக்கொன்றாகக் கொடுத்த எமிஸ் நம்பர், சாதிச் சான்றிதழ் நம்பர், அப்பா பெயர், அம்மா பெயர், எல்லாம் அவள் விரல் நுனியில் இருந்தது. எனக்கு பி.காம். போட்டாள், வழக்கம்போல என்னைக் கேட்காமல்.

"நீ எப்ப போட்ட?" என்றேன்.

"நான் போடல. பாண்டிக்கு போறேன்." கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. "அக்காவுக்கு கொழந்த பொறந்திருக்குல்ல. அடுத்த மாசத்துலேர்ந்து அவ கம்பெனிக்கு போவணும். கொழந்தைக்குத் துணையா ஆளு வேணும். ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ. அப்புறம் பாத்துக்கலாம்."

"அம்மா போவக் கூடாதா?"

"அம்மா போயிட்டா அப்பாவுக்கு சோறு யாரு ஆக்குவா? உங்கப்பா பேரு இங்கிலீஷ்ல 'ஐ'ல ஆரம்பிக்குதா, 'ஆர்'லயா?" என்று கேட்டுவிட்டு என் அப்பா பெயரைத் தட்டினாள். அழவில்லை. யாருக்கோ பேர் கொடுக்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். இரண்டு வருடமாக என் பையைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தவளை இப்போது வீட்டிலும் துணைக்கு உட்கார வைக்கிறார்கள் என்று தோன்றியது. அதற்கு அவளும் தலையாட்டிவிட்டாள் என்பதில்தான் எனக்குக் கோபம்.

கடைசி நாள் மத்தியானம். யாருக்கோ ஜெராக்ஸ் எடுக்க அவள் வெளியே போனாள். அவளுடைய பிளாஸ்டிக் ஃபைல் மேசையிலேயே கிடந்தது. நானும் விக்டோரியாவும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். சார் சாப்பிடப் போயிருந்தார்.

நான் தட்டினேன், விக்டோரியா வாசலில் காவல் நின்றாள். எல்லாம் சரியாகப் போனது, போன் நம்பர் கேட்கும் வரைக்கும். பள்ளிப் பதிவேட்டில் இருந்த அவள் அப்பா நம்பரையே போட்டுத் தொலைத்தேன். ஓ.டி.பி. அவருக்குப் போய்விட்டது. விக்டோரியா என் போனை வாங்கி அவரைக் கூப்பிட்டு, ஆபீஸ் குரலில் பேசினாள்.

"சார், ஸ்கூல்லேர்ந்து பேசுறோம். உங்களுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதச் சொல்லுங்க."

"யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு இதுலயே போட்டிருக்கும்மா."

"அது மத்தவங்களுக்குப் போட்டது சார். நாங்க ஸ்கூலு."

ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார், பாவம். கடைசியில் பாடப்பிரிவு. பி.காம். என்று நினைத்துத்தான் அழுத்தினேன். மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்ட பதற்றத்தில் விரல் நழுவி, பி.ஏ. வரலாறு என்று விழுந்து, அதுவும் சிதம்பரத்துக் கல்லூரிக்குப் போய்விட்டது. அனுப்பியதைத் திருத்த முடியாது என்று திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது. செத்துப்போன ராஜா கதை எனக்கு எதுக்கு என்று வரலாற்று மிஸ் முகத்துக்கு நேராகக் கேட்டவள் அவள். நான் ஃபைலை இருந்த இடத்தில் வைத்துவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து எங்கள் வீட்டு வாசலில் குட்டியானை வந்து நின்றது. அவள் அப்பா போனைக் கையில் தூக்கிப் பிடித்தபடி இறங்கினார். பின்னால் அவள். என்னைப் பார்த்த பார்வையிலேயே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று தெரிந்தது.

"சுகுணா, காலேஜுலேர்ந்து மெசேஜ் வந்திருக்குமா. சிதம்பரத்துக்குக் கூப்புடுறாங்க, வியாழக்கெழம. நாங்க பேரே குடுக்கலியே. இவளும் தெரியாதுங்கிறா. பாண்டியில பெரியவ வேற காத்துக்கிட்டிருக்கா. இது என்னான்னு பாரு."

நான் போனை வாங்கிப் படிப்பது போல் பாவனை செய்தேன். பிறகு அவளிடம் கற்றதைச் சொன்னேன்.

"லிஸ்ட்டு மேல போயிடுச்சு மாமா."

அவர் முகம் மாறியது. ஊரெல்லாம் அவரே எடுத்துச் சொன்ன சட்டம். ஆனாலும் என்னை நம்பவில்லை. இந்த விஷயத்தில் அவருக்கு ஒரே ஒரு ஆள் மேல்தான் நம்பிக்கை. திரும்பி மகளைப் பார்த்தார்.

"அப்பிடியாமா? மேல போயிடுச்சுன்னா எடுக்க முடியாதா?"

மேலே யாரும் இல்லை, போகவில்லை என்றால் யாரும் கேட்க மாட்டார்கள், அது அத்தனையும் தான் இட்டுக்கட்டியது என்று அவள் ஒரு வரி சொன்னால் போதும். வண்டி திரும்பிவிடும், அடுத்த வாரம் பாண்டிக்குப் போய்விடலாம். அவள் ரிப்பனை அவிழ்த்துக் கட்டினாள். மறுபடி அவிழ்த்தாள்.

"ஆமாம்பா" என்றாள் கடைசியில். "மேல போயிடுச்சுன்னா எடுக்க முடியாது. மேலருந்து கேப்பாங்க."

அவர் வண்டிச் சக்கரத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். "அப்ப உங்கம்மாதான் பாண்டிக்குப் போவணும்" என்றார். "ரசம் வைக்கிறது பெரிய வேலையா?" பெரிய வேலைதான் என்று அடுத்த மாதம் அவரே ஒப்புக்கொண்டார்.

அவர் தண்ணீர் குடிக்க உள்ளே போனதும் என் முதுகில் சுள்ளென்று ஒரு அறை விழுந்தது.

"என்னைக் கேட்டியாடி?"

"கேட்டா மாட்டேன்னுதான சொல்லுவ."

இன்னொரு அறை விழுந்தது. "அதுவும் வரலாறா?" அதற்கு மூன்றாவது. வாங்கிக்கொண்டேன். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியது, ஆனால் அது அறையின் வலியாகவும் இருக்கலாம்.

வியாழக்கிழமை சிதம்பரத்துக்கு நான் துணைக்குப் போனேன். பை, ஃபைல், பாட்டில், உப்பு மிளகாய்ப் பொட்டலம், எல்லாம் என்னிடம். ஹாலில் ஏகப்பட்ட கூட்டம். நீள மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு சார், முன்னால் லிஸ்ட். அவள் முறை வந்தது. சார் நிமிராமலே கேட்டார்.

"பேரு சொல்லும்மா."

"இரா. சுகுணா சார்" என்றாள்.

சார் விரலை மேலிருந்து கீழ் வரை ஓட்டினார். "அப்பிடி ஒரு பேரே இதுல இல்லியேமா."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நாலு பேர் முன்னால் மேடையில் நிறுத்தப்பட்ட மாதிரி முகம். நான் பாட்டிலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "நான் துணைக்கு வந்தவ சார்" என்றேன். அதற்கு மேல் நான் சொல்வதாக இல்லை. பின்னால் வரிசை முணுமுணுக்கத் தொடங்கியது. பிறகு அவள் மேசைப் பக்கம் திரும்பி, இனிஷியலோடு, தன் பெயரைச் சொன்னாள்.

சார் டிக் அடித்துவிட்டு என்னைப் பார்த்து, "துணைக்கு வந்தவங்க வெளியில நில்லுங்க" என்றார். நான் அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய் மரத்தடியில் உட்கார்ந்தேன்.